மதுரை பார்க்கப் போகலாமா?
போடி ரெயிலில் ஒரு குடும்பப் பயணம்

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரை வேற்றூர் அல்ல. கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை எடுக்க மதுரை. பெரியவருக்குக் கண் காட்ட மதுரை. பையனைக் கல்லூரியில் சேர்க்க மதுரை. 2004-ம் ஆண்டிலிருந்து ஐகோர்ட் கிளையும் அங்கேயே இருப்பதால், வழக்கு என்றாலும் மதுரை. 1996-ல் தனி மாவட்டம் பிரியும் வரையில் தேனியும் போடியும் கம்பமும் மதுரை மாவட்டத்து ஊர்களாகவே இருந்தன.

ஆனால், மாதம் ஒரு முறை மதுரைக்குப் போய் வருகிறவரைப் பிடித்து, "மீனாட்சி அம்மன் கோவிலை நிதானமாகச் சுற்றிப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார். வேலையாகப் போவது வேறு. ஊர் பார்க்கப் போவது வேறு. ஊர் பார்க்கப் போவதென்றால் வீட்டில் எல்லோரும் போக வேண்டும். தாத்தாவும் அப்பத்தாவும் கூட வர வேண்டும். அதிலும் ரெயிலில் போக வேண்டும். அப்போதுதான் அது பயணம்.

சுலபமான ஆசைதான். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் அதை நிறைவேற்றக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தண்டவாளம் வந்த கதை

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ரெயில் பாதை போட்டது அந்த நாளைய தென்னிந்திய ரெயில்வே கம்பெனி. ஆண்டு 1928. மலையில் விளையும் ஏலக்காயும் தேயிலையும் போடிக்கு இறங்கி வரும். அங்கிருந்து வெளியூருக்குப் போக வண்டி வேண்டும். அப்படிச் சரக்குக்காக வந்த பாதையில் மனிதர்களும் ஏறிக்கொண்டார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. யுத்தத் தேவைக்காகத் தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யுத்தம் முடிந்தும் உடனே வண்டி வரவில்லை. 1950-களில்தான் மீண்டும் பாதை போட்டு ரெயில் விட்டார்கள். அதன் பிறகு ஐம்பது வருஷங்களுக்கு மேல் மீட்டர் கேஜ் வண்டி ஓடியது.

2010 டிசம்பர் கடைசியோடு அதுவும் நின்றது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக மூடினார்கள். மூடியது ஒரே நாளில். திறக்கப் பன்னிரண்டு வருஷம்! மதுரையிலிருந்து 37 கிலோ மீட்டரில் உள்ள உசிலம்பட்டி, பிறகு ஆண்டிபட்டி என்று துண்டு துண்டாக வேலை நடந்தது. 2022 மே 26-ந் தேதி தேனி வரை 75 கிலோ மீட்டருக்குப் பாதை திறக்கப்பட்டது. 2023 ஜூன் 15-ந் தேதி மீதி 15 கிலோ மீட்டரும் முடிந்து வண்டி போடியை எட்டியது.

இந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டார்கள். ஆனால் சொந்த ஊரில் ரெயில் கூவிக் கேட்டதில்லை. புஸ்தகத்தில் படம் பார்த்ததோடு சரி. குடும்பத்தோடு ரெயிலில் போக வேண்டும் என்று வீட்டில் குரல் எழுந்தால், முதல் குரல் அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

காலையில் வருகிறது, மாலையில் போகிறது

சரி, வண்டி வந்துவிட்டது. காலையில் ஏறி, மதுரை பார்த்து, இரவு வீடு திரும்பலாமா?

இங்கேதான் சிக்கல். 2023-ல் வண்டியைப் போடி வரை நீட்டித்தபோது வகுத்த நேரத்தைப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு மேல் மதுரையில் புறப்படுகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் போடிக்கு வருகிறது. அங்கே பகல் முழுவதும் படுத்துக் கிடக்கிறது. மாலை ஆறு மணியை ஒட்டிப் போடியை விட்டுக் கிளம்பி, இரவு எட்டு மணி வாக்கில் மதுரை போய்ச் சேருகிறது. அதே நாளில் வாரம் மூன்று தடவை என்று தொடங்கிய சென்னை எக்ஸ்பிரஸும் இதே போக்குத்தான்: காலையில் போடிக்கு வரும், இரவில் போடியை விட்டுப் போகும்.

மதுரைக்காரருக்கு இது வெகு சௌகரியம். காலையில் ஏறினால் வைகை அணை, வீரபாண்டி கௌமாரியம்மன் கோவில் என்று பார்த்துவிட்டு, மாலை வண்டியில் வீடு திரும்பிவிடலாம். ஆனால் தேனிக்காரர் மதுரைக்குப் போய் அன்றைக்கே ரெயிலில் திரும்ப வழியில்லை. பாதை ஒன்றுதான், கடிகாரம் மட்டும் ஒரு பக்கத்தாருக்கு!

இரவல்லவா கணக்கு

ஆகவே நமது குடும்பம் போட வேண்டிய திட்டம் இது: போகும்போது ரெயில், வரும்போது பஸ். சனிக்கிழமை மாலை ஏறி, இரவு மதுரையில் தங்கி, ஞாயிறு பகல் முழுவதும் ஊர் பார்த்து, மாலையில் பஸ் பிடித்துத் திரும்புவது. ஒரு பகல் பயணத்துக்கு ஒரு இரவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மதுரையில் சொந்தக்காரர் இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் ஸ்டேஷனுக்கு எதிரே டவுன்ஹால் ரோட்டிலும் சுற்றுப்புறத் தெருக்களிலும் லாட்ஜுகள் நிறைய உண்டு. திருவிழாக் காலம், முகூர்த்த நாள் என்றால் முன்கூட்டியே அறை சொல்லி வையுங்கள்.

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், கூடலூர்வாசிகளுக்கு ரெயிலே இல்லை. பள்ளத்தாக்கின் உட்பகுதிக்குப் பாதை கேட்கும் கோரிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. அவர்கள் தேனி வரை பஸ்ஸில் வந்துதான் வண்டி ஏற வேண்டும். கம்பத்திலிருந்து தேனிக்குச் சுமார் 40 கிலோ மீட்டர். நடுவில் பஸ் தாமதமானாலும் வண்டி தவறாதபடி ஒரு மணி நேரம் முன்னதாகவே தேனிக்கு வந்துவிடுவது நல்லது.

இந்த வண்டியில் ரிசர்வேஷன் கிடையாது. ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கலாம், கைபேசியிலும் எடுக்கலாம். ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் அரை டிக்கெட். பெரியவர்களுக்கு முன்பு இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. தாத்தாவுக்கும் முழு டிக்கெட்தான் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

ஏறினால் இடது பக்கத்து ஜன்னலைப் பிடியுங்கள். வெளிச்சம் இருக்கும் வரையில் கொடைக்கானல் மலைத்தொடர் கூடவே வரும். தேனிக்கு அப்பால் வைகையைத் தாண்டி ஆண்டிபட்டி, பிறகு கணவாய். குன்றுகளுக்கு நடுவே வண்டி நுழையும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டிருந்தால் எழுப்பி விடுங்கள். உசிலம்பட்டி வருவதற்குள் கட்டுச்சோற்றைப் பிரித்துவிடலாம். புளியோதரையும் அவித்த முட்டையும் ரெயிலில் சாப்பிட்டால் ருசியே தனி. மதுரையில் இறங்கி ஓட்டல் தேடும் வேலையும் மிச்சம்.

கைபேசி இல்லாத இடம்

களைப்பில்லாதவர்கள் அன்றிரவே கோவிலுக்கு நடந்து போகலாம். ஸ்டேஷனிலிருந்து டவுன்ஹால் ரோடு வழியே கால் மணி நேர நடை. நடை சாத்துவதற்கு முன், சுவாமியைப் பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்யும் வைபவம் இரவுதோறும் நடக்கிறது. இரவு தங்குவதற்குக் கிடைத்த லாபம் என்று இதை வைத்துக்கொள்ளலாம்.

மற்றவர்கள் ஞாயிறு அதிகாலையில் போவதே உத்தமம். காலை ஐந்து மணிக்கு நடை திறக்கிறார்கள். மதியம் 12.30-க்குச் சாத்தினால் மறுபடி மாலை 4 மணிக்குத்தான். பதினொரு மணிக்குக் குழந்தை குட்டிகளோடு வரிசையில் போய் நிற்பதைப் போன்ற தவறு வேறில்லை.

2018 பிப்ரவரியில் கோவிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து ஏற்பட்டது. அதற்குப் பிறகு, அந்த ஆண்டிலேயே, கோவிலுக்குள் கைபேசி கொண்டுபோகத் தடை வந்தது. வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் இதை முன்பே யோசித்து வைக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவர் பிரிந்தால் "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்க முடியாதல்லவா? ஆகவே பழைய முறைதான் கைகொடுக்கும்:

ஒன்று: எந்தக் கோபுர வாசலில் செருப்பையும் கைபேசியையும் வைத்தீர்களோ, அந்த வாசலின் பெயரை எல்லோரும், சின்னப் பையன் உட்பட, சொல்லிப் பழகுங்கள். நான்கு பக்கமும் கோபுரம். உள்ளே நாலு சுற்றுச் சுற்றினால் திசை மறந்துவிடும்.

இரண்டு: பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடம். பொற்றாமரைக் குளத்துப் படி அதற்கு ஏற்றது. யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்; உட்கார்ந்து காத்திருக்கவும் இடம் உண்டு.

மூன்று: குழந்தையின் சட்டைப் பையில் தகப்பனார் பெயரும் லாட்ஜின் டெலிபோன் எண்ணும் எழுதிய துண்டுக் காகிதம்.

அவசரமாகத் தரிசனம் முடித்து ஓடி வராதீர்கள். முக்குறுணிப் பிள்ளையார் முன் சற்று நில்லுங்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள்தான் என்று சொல்லி, பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். நூறு தாண்டுமுன் தூணை விட்டுச் சிற்பத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நாம் விரும்புவதும் அதுதானே?

வெயில் ஏறிய பிறகு

காலைப் பலகாரம் முடிந்ததும் திருமலை நாயக்கர் மகால். 1636-ல் கட்டியது, இன்று நிற்பது ஆதியில் இருந்ததில் ஒரு பகுதிதான். அந்தப் பகுதியின் தூண்களே அண்ணாந்து பார்க்க வைக்கின்றன. காலை 9 மணி முதல் பார்க்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் வாட்டும் நேரத்தில் கூரைக்குக் கீழே இருப்பதே புத்திசாலித்தனம். தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி மியூசியத்தை 1959-ல் பிரதமர் நேரு திறந்து வைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அவர் நாலு முழ வேஷ்டியோடு வாழ்வது என்று முடிவெடுத்ததும் இதே மதுரையில்தான். 1921 செப்டம்பர் 22-ந் தேதி, மேலமாசி வீதி வீடு ஒன்றில் அது நடந்தது. காலையில் கோவிலுக்குப் போகும் வழியில் அந்த வீதியைக் கடக்கும்போதே சொல்லி வைத்தால், மாலையில் மியூசியத்தைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்குப் பொருள் விளங்கும்.

படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடானால், புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குழந்தைகளுக்கென்றே அங்கே தனிப் பகுதி உண்டு. மூன்று இடத்தையும் ஒரே பகலில் திணிக்க வேண்டாம். தாத்தாவின் முழங்காலைக் கேட்டு ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் போய்வரச் செலவு அதிகமில்லை. சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-ல் திட்டம் தொடங்கினார்கள். ஜிகர்தண்டா ஆளுக்கு ஒன்று. திரும்பும்போது மல்லிகைப் பூ. தேனி, போடி, கம்பம் பஸ்கள் ஆரப்பாளையம் நிலையத்திலிருந்து புறப்படும். மாலை ஐந்து மணிக்கே அங்கே போய்விட்டால் உட்கார இடம் கிடைக்கும்.

ஒரே ஒரு காலை வண்டி

இத்தனை திட்டத்திலும் ஒரு குடும்பத்துக்குக் கனமாக விழும் செலவு எது? அந்த ஓர் இரவுத் தங்கல்தான். காலை வண்டி இருந்தால் அந்தப் பணம் மிச்சம். ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒருவர் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு மதுரை பார்க்க முடியுமா, முடியாதா என்பதை அந்த ஓர் அறை வாடகை தீர்மானித்துவிடுகிறது. ஊர் பார்க்கப் போகிறவர்கள் மட்டுமல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, கோர்ட்டுக்குப் போகும் கட்சிக்காரர், பரீட்சை எழுதப் போகும் மாணவர் எல்லோருக்கும் காலையில்தானே மதுரையில் காரியம்?

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. இரவில் மதுரையில் நிற்கும் அதே பெட்டிகள் போடியில் நின்றால், காலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்கு மதுரை சேரும். உடனே வழக்கமான காலை வண்டியாகப் போடிக்குத் திரும்பலாம். மாலையிலும் அவ்வாறே மதுரை போய், இரவு எட்டரைக்குக் கிளம்பிப் போடிக்கு வந்துவிடலாம். பகலெல்லாம் சும்மா கிடக்கும் வண்டி, நாளைக்கு ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை ஓடும். கூடுதலாக ஓட்டுவதற்கு ஆள் வேண்டும். போடியில் இரவு நிறுத்தி வைத்துச் சுத்தம் செய்ய வசதி வேண்டும். பன்னிரண்டு வருஷம் உழைத்துப் பாதை போட்டவர்களுக்கு இது மலையைப் புரட்டும் வேலையா?

ரெயில் நேரம் அவ்வப்போது மாறக்கூடியது. ஆகவே புறப்படுவதற்கு ஒரு நாள் முன்னால் ஸ்டேஷனில் விசாரித்துக்கொள்ளுங்கள். விசாரிக்கப் போகிறபோது, "காலையில் மதுரைக்கு வண்டி உண்டா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். பத்துப் பேர் கேட்டால் அது விசாரணை. பத்தாயிரம் பேர் கேட்டால் அது கோரிக்கை.