மனம் சரியில்லாத நாளில் வாங்கும் சேலை: மூன்று தவணைக் கணக்கு எங்கே முடிகிறது?

மேலாளரிடம் திட்டு வாங்கிய மாலை, வீட்டில் பேச்சு முற்றிய ஞாயிற்றுக்கிழமை, தூக்கம் வராத இரவு. இப்படிப்பட்ட நேரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலருடைய விரல் தானாகத் தேடிப் போவது கைத்தொலைபேசியில் உள்ள துணிக்கடையைத்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனுக்கோ, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்கோ போய்த் துணி எடுக்க முன்பெல்லாம் தீபாவளி, கல்யாணம், காதுகுத்து என ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது. இப்போது மனம் சரியில்லை என்பதே போதுமான காரணமாகிவிடுகிறது.

நல்ல துணி உடுத்த ஆசைப்படுவதில் தவறில்லை. வாங்கிய சேலை பிரிக்கப்படாமலேயே அலமாரியில் கிடக்கிறது, ஆனால் அதற்கான தவணை மட்டும் மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கிறது என்றால்தான் யோசிக்க வேண்டும்.

மனம் ஏன் துணியைத் தேடுகிறது?

2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சிலருக்குச் சோகமான காணொளி ஒன்று காட்டப்பட்டது. பிறகு ஒரு தண்ணீர்ப் போத்தலுக்கு என்ன விலை தருவீர்கள் என்று கேட்டார்கள். சோகக் காட்சியைப் பார்த்தவர்கள், சாதாரணக் காணொளி பார்த்தவர்களைவிடப் பல மடங்கு அதிக விலை கொடுக்க முன்வந்தனர். அந்தக் காணொளிக்கும் தாங்கள் சொன்ன விலைக்கும் தொடர்பே இல்லை என்றும் அவர்கள் நம்பினார்கள்.

கவலையில் இருக்கும்போது வாழ்க்கை நம் கையில் இல்லை என்ற எண்ணம் வருகிறது. நிறம், கரை, அளவு என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பிடி கொஞ்சம் திரும்பக் கிடைத்ததுபோல் இருக்கிறது. ஆனால் பார்சல் வந்து சேர்வதற்குள் அந்த நிம்மதி கரைந்துவிடுகிறது. அடுத்த கவலைக்கு அடுத்த துணி தேவைப்படுகிறது.

கடைக்கு நேரில் போகும்போது பேருந்துப் பயணமும், நாலு கடை ஏறி இறங்குவதும், விலை பேசுவதும் மனம் ஆற அவகாசம் தந்தன. செயலியில் அந்த இடைவெளி இல்லை. 9.9, 10.10, 11.11 என மாதந்தோறும் மலிவு விற்பனை வருகிறது. இரவு நேர நேரலையில் "இந்தக் கலரில் இது ஒன்றுதான் இருக்கு" என்று விற்பனையாளர் சொல்கிறார். கடன் அட்டை எண் ஏற்கெனவே செயலியில் பதிவாகி இருக்கிறது. யோசிக்க நேரமில்லாமலேயே வாங்கி முடித்துவிடலாம்.

தவணைக் கணக்கு

180 ரிங்கிட் சேலை. மூன்று தவணை என்றால் மாதம் 60 ரிங்கிட்தான். சுமை தெரிவதில்லை. ஆனால் இரண்டாம் மாதம் இன்னொரு 180 ரிங்கிட் சேலை வாங்கினால் அந்த மாதம் கட்ட வேண்டியது 120 ரிங்கிட். மூன்றாம் மாதமும் ஒன்று வாங்கினால் 180. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு சேலையின் முழு விலையையே கட்டிக்கொண்டிருப்போம். தவணை தந்த சலுகை முதல் இரண்டு மாதத்தோடு முடிந்துவிடுகிறது. குறைந்தபட்ச ஊதியமான 1,700 ரிங்கிட் வாங்குபவருக்கு, அது சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். தவணை தவறினால் தாமதக் கட்டணம் வேறு.

கடன் அட்டையின் கணக்கு இன்னும் கடுமையானது. 3,000 ரிங்கிட் பாக்கிக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காடு என்றால், முதல் மாத வட்டி மட்டும் 45 ரிங்கிட். குறைந்தபட்சத் தொகையாக 5 விழுக்காடு, அதாவது 150 ரிங்கிட் கட்டினாலும் அசலில் குறைவது 105 ரிங்கிட்தான்.

அந்தச் சாலையின் பெயரில் இன்னொரு தவணை

பிரிக்ஃபீல்ட்ஸில் துணிக்கடைகள் நிறைந்த சாலைக்குத் துன் வீ.தி. சம்பந்தனின் பெயர். தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். தோட்டம் தோட்டமாகச் சென்று உறுப்பினர்களைச் சேர்த்தார். பால்மரம் வெட்டிய கைகள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது.

அன்றும் அது தவணைதான். ஆனால் பணம் முதலில் சேர்ந்தது, பொருள் பிறகு வந்தது. இந்த வரிசையை நாமும் திருப்பிப் பிடிக்கலாம். அதே 60 ரிங்கிட்டைப் பத்து மாதம் தனியே ஒதுக்கினால் 600 ரிங்கிட். தீபாவளிக்குக் குடும்பத்துக்குத் துணி எடுக்க அது பெரிய உதவி, கடனும் இல்லை.

என்ன செய்யலாம்?

• வாங்கும் முன் ஒரு நோட்டில் நேரத்தையும் மனநிலையையும் எழுதுங்கள்: "இரவு 11, கோபம்." இரண்டு வாரம் எழுதினாலே எந்த நேரத்தில், எதற்காகக் கை போகிறது என்று தெரிந்துவிடும்.

• பிடித்த துணியைச் செயலியின் கூடையில் போடுங்கள், ஆனால் அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். மறுநாள் காலையில் திரும்பப் பாருங்கள். பல துணிகள் காலையில் அவ்வளவு அழகாக இருப்பதில்லை.

• பதிவு செய்த அட்டை எண்ணையும், பிறகு செலுத்தும் வசதியையும் நீக்குங்கள். மலிவு விற்பனை அறிவிப்புகளை நிறுத்துங்கள்.

• சேலையின் விலையோடு ரவிக்கைத் தையல் கூலியையும், அதற்குப் பொருத்தமாக வாங்கப்போகும் வளையல், தோடு செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

• லிட்டில் இந்தியாவுக்குப் போகும்போது ரொக்கமும் பட்டியலும் கொண்டு போங்கள். அட்டை வீட்டிலேயே இருக்கட்டும்.

• ஒரே முறை கட்டிய சேலைகளை அக்கா, தங்கை, நாத்தனாரோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

• கைத்தொலைபேசியை எடுக்கத் தோன்றும் நேரத்துக்கு வேறொன்றை முன்பே முடிவு செய்யுங்கள். மனம்விட்டுப் பேசக்கூடிய ஒருவரை அழைக்கலாம், சற்று நடந்துவிட்டு வரலாம். வேறு வழி இல்லாமல் பழக்கத்தை மட்டும் நிறுத்த முயன்றால் அது நிலைக்காது.

எப்போது உதவி நாட வேண்டும்?

பார்சலைக் குடும்பத்துக்குத் தெரியாமல் மறைப்பது, ஒரு தவணையைக் கட்ட இன்னொரு கடன் வாங்குவது, ஊழியர் சேமநிதியின் மூன்றாவது கணக்கைத் துணிக்காகத் தொடுவது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். 2024 மே மாதம் அறிமுகமான அந்தக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். ஆனால் அது முதுமைக்கான சேமிப்பில் ஒரு பகுதி.

கடன் கைமீறினால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை, நிர்வாக முகமையான ஏ.கே.பி.கே.வை 03-2616 7766 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆலோசனை இலவசம். இப்போது வாங்கிப் பிறகு செலுத்தும் சேவைகளையும் கட்டுப்படுத்தும் பயனீட்டாளர் கடன் சட்டம் 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. ஆனால் சட்டம் நம் இரவு நேரத் தனிமையைத் தீர்க்காது. மனச்சுமைக்குச் சுகாதார அமைச்சின் 15555 உதவி எண்ணும், 03-7627 2929 என்ற எண்ணில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் உள்ளன.

வீட்டில் ஒருவருக்கு இந்தப் பழக்கம் இருப்பது தெரிந்தால், "இத்தனை சேலை எதற்கு?" என்று பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். அவமானம் அடுத்த பார்சலைத்தான் வரவழைக்கும். "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று முதலில் கேளுங்கள்.