மறதியை மௌனம் என்று நினைக்காதீர்கள்

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "சாமி மௌனத்துக்குப் போயிட்டாரு." அந்தச் சாமி போன மாதம்வரை எல்லோரிடமும் வாயாடியவர். இப்போது சொந்த ஊர்ப் பெயருக்கே யோசிக்கிறார்; டீ தம்ளரைப் பிடித்தால் கை தடுமாறுகிறது. நாம் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வீடுகளில் இதற்கு வேறு பெயர்கள்: வயசாச்சு, குடிச்சுக் கெட்டான், செய்வினை. இரத்தப் பரிசோதனை மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

மறதி எல்லாம் எச்ஐவி அல்ல. ஆனால் எச்ஐவியும் மறதியைத் தரும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று 1986-ல் நம் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில் தெரியவந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இந்த நோய் என்றால் உடல் இளைப்பும் காசநோயும்தான் நம் நினைவுக்கு வருகின்றன.

தொற்றிய சில வாரங்களிலேயே கிருமி மூளைக்குப் போய்விடும். இரத்தத்தின் வெள்ளணுக்களுக்கு மூளைக்குள் நுழைய அனுமதி உண்டு; அவற்றுக்குள் ஒளிந்து இதுவும் நுழைகிறது. நினைவைச் சுமக்கும் நரம்பு செல்களை இது நேரடியாகத் தொற்றுவதில்லை. மூளையின் காவல் செல்களில் குடியேறுகிறது. அங்கே கிளம்பும் அழற்சி, பக்கத்து வீட்டுப் புகைபோல நரம்பு செல்களைச் சேதப்படுத்துகிறது. கவனம் சிதறும், யோசனை மந்தமாகும், கைவேலை தடுமாறும், நடை தளரும். எச்ஐவிக்கான கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் கடுமையான பாதிப்பு பெரும்பாலும் வராது. ஆனால் மறதி வந்தவர் மாத்திரையையும் மறக்கிறார். மாத்திரை தவறினால் மறதி கூடுகிறது. அபாயம் இந்தச் சுழலில்தான்.

என்ன செய்வது? சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம்; ஆலோசகர் பேசி, சம்மதம் வாங்கிய பிறகே இரத்தம் எடுக்க வேண்டும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் கட்டணமில்லா எண் 1097.

ஏற்கெனவே எச்ஐவி மருந்து சாப்பிடுகிறவர் மறதியை அந்த மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். அவரும் வரிசை நீளம் என்று சீட்டெழுதி அனுப்பிவிடக் கூடாது. நீங்கள் கூடப் போனால், எப்போதிலிருந்து, எதை மறக்கிறார், மாதத்தில் எத்தனை வேளை மாத்திரை தவறியது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வைரஸ் அளவுப் பரிசோதனை எப்போது எடுத்தது என்று கேளுங்கள். பி12 குறைவு, தைராய்டு, சிபிலிஸ், மனச்சோர்வு ஆகியவையும் மறதி தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. காய்ச்சலோடு தலைவலி, வாந்தி, வலிப்பு, குழப்பம் என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.

மருந்து சாப்பிடுகிறவர்களில் வெளியூரிலிருந்து இங்கே வந்து தங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது காகிதம். பச்சை நிற சிகிச்சைப் புத்தகத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். கிரிவலத்துக்கு வந்துபோகிறவர் அதைக் காட்டினால் வழியிலுள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கலாம். இங்கேயே தங்குவதாக இருந்தால் பழைய மையத்தில் மாற்றுச் சீட்டு வாங்கி வர வேண்டும். சீட்டு வரவில்லை என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூலிகையில் எய்ட்ஸைக் குணமாக்குவேன் என்கிறவர் பேச்சைக் கேட்டும் நிறுத்தாதீர்கள். எய்ட்ஸைக் குணமாக்கும் என்று சொல்லி மருந்து விற்பதை மருந்துச் சட்ட விதிகளின் 'ஜே' அட்டவணை தடை செய்கிறது.

எச்ஐவி என்று தெரிந்து சிகிச்சை மறுத்தாலோ, வேலையிலிருந்து நிறுத்தினாலோ, வீட்டைக் காலி செய்யச் சொன்னாலோ, 2017-ம் ஆண்டின் எச்ஐவி சட்டம் துணை நிற்கும். 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இருபது பேருக்குக் குறையாமல் உள்ள மருத்துவமனையிலும், நூறு பேருக்குக் குறையாமல் உள்ள மற்ற நிறுவனங்களிலும் புகார் அலுவலர் இருக்க வேண்டும். அந்த அலுவலர் யார் என்று கேட்டு, எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் ஒப்புதல் வாங்குங்கள். வாய்ப்புகாரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சட்ட மீறலை மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடமும் கொண்டுபோகலாம்: 30 நாளில் உத்தரவு, மருத்துவ அவசரமென்றால் கூடுமானவரை 24 மணி நேரத்தில். உத்தரவை மதிக்காதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். மனு எழுதத் தெரியாதவருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உதவும், எண் 15100.

மீண்டும் சொல்கிறேன், மாத்திரையை நிறுத்தாதீர்கள். போனில் அலாரம் வையுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவர் டப்பாவை எண்ணட்டும். திடீரென்று 'மௌனத்துக்குப் போன' சாமியைப் பார்த்தால், "ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ட்டு வரலாமா சாமி?" என்று கேட்டுக் கூட்டிப் போங்கள். உள்ளே டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்காதீர்கள். அதை வெளியில் சொல்வதும் சொல்லாததும் அவர் உரிமை.