மானிட்டரில் நேர்கோடு வந்ததும் 'ஷாக்' கொடுக்கும் சீரியல் டாக்டர்... நிஜத்தில் அப்படி நடக்குமா? உயிர் காக்கும் தாளம் எது?

இரவு 9 மணி. ஜெயங்கொண்டத்திலோ வேப்பந்தட்டையிலோ ஏதோ ஒரு வீட்டு ஹால் என்று வைத்துக்கொள்வோம். டிவியில் ஹீரோயினின் அப்பா ஐசியூவில் கிடக்கிறார். வயலின் இழுக்கிறது. மானிட்டரில் 'பீப்... பீப்...' மெதுவாகிறது. கடைசியில் ஒரே நீண்ட 'பீ...ப்'. பச்சைக் கோடு நேராகிவிட்டது. டாக்டர் இரண்டு இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கும் கருவியை எடுத்து, ஒன்றோடொன்று தேய்த்து, நெஞ்சில் வைக்கிறார். உடம்பு அரை அடி தூக்கிப் போடுகிறது. பலனில்லை. எங்கோ கோயில் மணி அடிக்கிறது, மகள் "அப்பா!" என்று அலறுகிறாள். உடனே 'பீப்' திரும்ப வருகிறது. தொடரும்.

பார்ப்பவர்களுக்கு நிம்மதி. ஆனால் இந்த இரண்டு நிமிடக் காட்சியில் மருத்துவ ரீதியாகச் சரியானது அநேகமாக ஒன்றுமே இல்லை. கோயில் மணியை விட்டுவிடலாம், அது கதை. சிக்கல் மற்றதில்தான். அதே ஹாலில் நாளைக்கு ஒருவர் நிஜமாகவே மயங்கி விழுந்தால், சுற்றி நிற்பவர்களுக்கு ஞாபகம் வரப்போவது இந்தக் காட்சிதான்.

நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது

முதல் தவறு, அந்த ஷாக். இதயம் என்பது மின்சாரத்தில் ஓடும் பம்ப். சில நேரம் அந்த மின்சாரம் தாறுமாறாகி, இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். அப்போது மானிட்டரில் நேர்கோடு வராது, கிறுக்கல் கிறுக்கலாக வரும். இந்தக் குழப்பத்தை ஒரு நொடி நிறுத்தி, இதயம் தன் தாளத்தை மறுபடி பிடிக்க வாய்ப்பு கொடுப்பதுதான் ஷாக்கின் வேலை. நின்றுபோன மோட்டாரை 'ஸ்டார்ட்' பண்ணுகிற சுவிட்ச் அல்ல அது.

நேர்கோடு என்றால் மின்சாரமே இல்லை என்று அர்த்தம். அங்கே ஷாக் கொடுத்துப் பயனில்லை. நெஞ்சை அழுத்த வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், காரணத்தைத் தேட வேண்டும். விமான நிலையம் போன்ற சில இடங்களில் சுவரில் மாட்டியிருக்கும் தானியங்கி ஷாக் கருவிகூட நேர்கோட்டைப் பார்த்தால் 'ஷாக் தேவையில்லை' என்றுதான் சொல்லும். அந்த இஸ்திரிப் பெட்டிகளும் இப்போது குறைந்துவிட்டன. பல மருத்துவமனைகளில் நெஞ்சில் ஒட்டும் பட்டைகள்தான்.

டைரக்டருக்கு நேர்கோடு ஏன் பிடிக்கிறது? காரணம் லேசானது. கிறுக்கல் கோட்டைப் பார்த்தால் ரசிகருக்கு ஒன்றும் புரியாது. நேர்கோடும் நீண்ட 'பீப்'பும் எல்லோருக்கும் புரியும்.

அந்த 'பீப்' சத்தம் பொய்யா?

இல்லை. ஆனால் நிஜ 'பீப்' சீரியலில் வருவதை விட சுவாரசியமானது. கொரோனா நேரத்தில் வீடு வீடாக விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் கருவி ஞாபகம் இருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் உள்ள அதன் அண்ணன், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு 'பீப்' கொடுக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்தச் சத்தத்தின் சுருதி இறங்கிக்கொண்டே போகும். 1980களிலிருந்து இருக்கும் வசதி இது. மயக்க மருந்து டாக்டர் திரையைப் பார்க்காமல் வேறு வேலையாகத் திரும்பியிருந்தாலும், சுருதி இறங்கினால் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார். தியேட்டருக்குள் நிஜமான பின்னணி இசை என்றால் இதுதான். எந்தச் சீரியலும் இதைப் பயன்படுத்துவதில்லை என்பது கொஞ்சம் வருத்தம்தான்.

தாளம் தவறும் கைகள்

இனிமேல் வருவதுதான் பெரிய விஷயம். இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் சிபிஆர். சீரியலில் அது எப்படி நடக்கிறது என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். முழங்கை மடங்கியிருக்கும். நாலு தடவை அழுத்துவார், நிறுத்துவார், முகத்தைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி நாலு. பின்னணியில் சோக இசை என்பதால் கையும் அந்த வேகத்துக்கே போகும்.

நடிகர் மேல் தப்பு சொல்ல முடியாது. நல்லபடியாக இருக்கும் ஒருவரின் நெஞ்சில் நிஜ சிபிஆர் செய்தால் விலா எலும்பு உடையலாம். அதனால் படுத்திருப்பவர் நடிகர் என்றால் பாவனைதான் செய்ய முடியும்.

நிஜக் கணக்கு இதுதான்: பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஒவ்வொன்றும் குறைந்தது 5 செ.மீ. ஆழம், 6 செ.மீ. தாண்டக் கூடாது. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விட வேண்டும். முழங்கை நேராக, தோள் நெஞ்சுக்கு மேலே. இடையில் நிறுத்தவே கூடாது. ஏனென்றால் அழுத்தும்போதுதான் மூளைக்கு ரத்தம் போகிறது. கை நின்றால் ரத்தமும் நிற்கும்.

நொடிக்கு கிட்டத்தட்ட இரண்டு. பதற்றத்தில் இருக்கும் ஆளுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? இங்கேதான் பாட்டு வந்தது.

ஒரு டிஸ்கோ பாட்டின் கதை

பீ ஜீஸ் குழு 1977-ல் பாடிய 'ஸ்டேயின் அலைவ்' பாட்டின் வேகம் நிமிடத்துக்கு சுமார் 103 தட்டு. அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது டிரம்மர் ஊரில் இல்லை. வேறொரு பாட்டுக்கு அவர் வாசித்ததில் ஒரு துண்டை வெட்டி, டேப்பில் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார்கள். அதனால் அந்தத் தாளம் முதலிலிருந்து கடைசி வரை இம்மி பிசகாது. சிபிஆருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2008-ல் அமெரிக்காவில் இல்லினாய் மருத்துவக் கல்லூரியில் 15 டாக்டர்களையும் மாணவர்களையும் இந்தப் பாட்டோடு பொம்மையின் நெஞ்சை அழுத்தச் சொன்னார்கள். சராசரி 109 வந்தது. ஐந்து வாரம் கழித்து, பாட்டைப் போடாமல் மனசுக்குள் நினைத்துக்கொண்டு அழுத்தச் சொன்னபோது 113. இரண்டுமே சரியான அளவுதான். அடுத்த ஆண்டே 'தி ஆஃபீஸ்' என்ற அமெரிக்க காமெடி சீரியலில் ஊழியர்கள் இதே பாட்டுக்கு சிபிஆர் பழகுவதாக ஒரு காட்சி வந்தது. முழுக்கக் கலாட்டா. ஆனால் அந்தப் பாட்டின் வேகம் மட்டும் சரி. சீரியஸாக எடுத்த எத்தனையோ ஆஸ்பத்திரிக் காட்சிகளை விட இந்த ஒரு விஷயத்தில் காமெடி சீரியல் ஜெயித்துவிட்டது.

ஆனால் பாட்டு மட்டும் போதாது. 2009-ல் பிரிட்டனில் வேறொரு குழந்தைப் பாட்டை வைத்து இதே சோதனையைச் செய்தார்கள். வேகம் கூடுதல் பேருக்குச் சரியாக வந்தது. ஆனால் ஆழம் குறைந்துவிட்டது. தாளத்தில் கவனம் போக, அழுத்தம் லேசாகிப் போனது.

நம்ம ஊர்ப் பாட்டு ஆகாதா?

தாராளமாக ஆகும். 1977-ன் இங்கிலீஷ் பாட்டு அரியலூரில் யாருக்கு ஞாபகம் வரப்போகிறது? உங்களுக்குத் தூக்கத்திலும் வரக்கூடிய ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டோ, திருவிழாவில் கேட்ட பறை அடியோ, எதுவானாலும் சரி. போனில் டைமர் வைத்து 15 நொடிக்கு எத்தனை தட்டு வருகிறது என்று தொடையில் தட்டி எண்ணுங்கள். 25 முதல் 30-க்குள் இருந்தால் அது உங்கள் சிபிஆர் பாட்டு. சோகப் பாட்டு அநேகமாகத் தேறாது. சில குத்துப்பாட்டு வேகம் மிஞ்சிப் போகும். அதிவேகமும் ஆகாது, நெஞ்சு எழும்ப நேரம் கிடைக்காது.

'நண்பன்' படத்தில் மூச்சு விடாத பச்சைக் குழந்தை 'ஆல் இஸ் வெல்' கேட்டுக் காலை உதைக்குமே, அது கணக்கில் சேராது. பிறந்த குழந்தைக்கு உடம்பைத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டு, அப்போதும் மூச்சு வரவில்லை என்றால் முதல் நிமிடத்துக்குள் காற்று கொடுப்பதுதான் சிகிச்சை.

இரண்டு மாவட்டத்துக்கும் இது ஏன் முக்கியம்?

அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சு வலியோடு வருபவருக்கு உடனே கொடுக்க வேண்டிய முதல் கட்ட மாத்திரைகளை கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஆகவே நெஞ்சு வலி என்றால் "கேஸ் ட்ரபிள்தான், ஒரு சோடா குடி" என்று வீட்டில் உட்காராமல் அங்கே ஓட வேண்டும்.

ஆனால் மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. சீரியல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். மாரடைப்பு என்பது இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பு. ஆள் நினைவோடு இருப்பார், பேசுவார், வியர்க்கும். அவருக்கு சிபிஆர் செய்யக் கூடாது. அந்த அடைப்பு முற்றி இதயமே நின்றால் ஆள் சட்டென்று விழுவார், கூப்பிட்டால் பதில் இருக்காது. அப்போது சிபிஆர் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. ஆண்டிமடம் பக்கத்து கிராமத்துக்கோ பச்சைமலை அடிவாரத்துக்கோ 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவர் கையில்தான்.

சீரியல் காட்டாத இன்னொன்று, விக்கல் மாதிரி வரும் மூச்சு. இதயம் நின்ற பிறகும் சிலர் வாயைப் பிளந்து, விட்டு விட்டு, குறட்டை போல் இழுப்பார்கள். சுற்றி இருப்பவர்கள் "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார்கள். அது மூச்சு அல்ல. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சாதாரணமாக இல்லை என்றால் இதயம் நின்றதாகவே எடுத்துக்கொண்டு தொடங்கிவிட வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எல்லோரும் பிழைத்துவிடுவார்களா?

1996-ல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 'ஈஆர்', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' என்ற மூன்று டிவி நிகழ்ச்சிகளில் வந்த 60 சிபிஆர் காட்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். அப்போதைக்குப் பிழைத்தவர்கள் 75 சதவீதம். நிஜத்தில், அமெரிக்காவிலேயே ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் வீடு திரும்புவது சுமார் பத்தில் ஒருவர். அதனால் சிபிஆர் செய்தும் உயிர் போனால், செய்தவர் தன் மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. செய்யாமல் விட்டால் அந்த ஒருவரும் கிடையாது.

முதலில் போனை ஸ்பீக்கரில் போட்டு 108. கட்டிலில் அல்ல, தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்சின் நடுவில், கீழ்ப் பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை. பழக்கமில்லாதவர் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டிய கட்டாயம் இல்லை, அழுத்தினால் போதும். பாட்டை மனசுக்குள் ஓடவிட்டு, வாயால் "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணலாம். இரண்டு நிமிடத்தில் எவ்வளவு பலசாலிக்கும் கை தளர்ந்துவிடும், ஆழம் குறையும். ஒரு சினிமாப் பாட்டில் ஏறக்குறைய பாதி. அந்த இடம் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரரோ கல்லூரி படிக்கும் பெண்ணோ கையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை அல்லது விழுந்தவர் தானாக அசையும் வரை, மாற்றி மாற்றி.