ஆறுகிற அடி

கெடா தோட்டங்களில் தமிழ்ப் படத்துக்கு அடுத்தபடியாகச் சீனச் சண்டைப் படத்துக்குத்தான் மவுசு. மொழி தெரியவேண்டியதில்லை. எதிரியைக் குத்திவிட்டு ஜாக்கி சான் வலி தாங்காமல் கையை உதறினால் பீடோங்கிலும் கூலிமிலும் உடனே சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புச் சண்டை எப்படி உருவாகிறது என்று அறிய, 1994இல் வந்த ‘டிரங்கன் மாஸ்டர் 2’ படத்தின் கடைசிச் சண்டையைப் பார்த்தாலே போதும்.

இடம் ஓர் எஃகு ஆலை. எதிரே கென் லோ, நிஜத்தில் ஜாக்கியின் மெய்க்காவலராக இருந்தவர். ஒரு காலை ஊன்றி, மறு காலைக் கீழே இறக்காமலே முகம், விலா, தொடை என்று மாறி மாறி உதைக்கிறார். திரையில் சில நிமிடமே ஓடும் இந்த மோதலை எடுக்க ஏறக்குறைய நான்கு மாதம் பிடித்தது.

அவ்வளவு நாள் ஆனதற்கு ஒரு காரணம் கேமரா நிற்கும் இடம். தள்ளி நின்று, உதைப்பவரையும் வாங்குபவரையும் உச்சி முதல் பாதம் வரை சேர்த்தே காட்டுகிறது. கோயில் திருவிழாவில் சிலம்பம் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். கம்பு எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும், காலடி பிசகினால் கூட்டம் கண்டுபிடித்துவிடும்.

வேகத்துக்கு ஒரு தொழில்நுணுக்கம் கைகொடுக்கிறது. படச்சுருள் திரையில் நொடிக்கு 24 பிரேம் ஓடும். ஹாங்காங் சண்டைக் காட்சிகளை 22 பிரேமில் எடுப்பது வழக்கம். அப்போது உதை சுமார் 9 சதவீதம் வேகமாகத் தெரியும், கண்ணுக்கு உறுத்தாது. 18க்கு இறக்கினால் பழைய ஊமைப்படம்போலத் துள்ளும். அடி விழும் இடத்தில் வெட்டி அடுத்த ஷாட்டுக்குப் போகும்போது, அதே உதையின் கடைசி இரண்டு மூன்று பிரேம்களை மறுபடி காட்டுவார்கள். பார்ப்பவருக்கு அது இரண்டு அடியாகப் படாது, ஒரே பலத்த அடியாக இறங்கும்.

சண்டையில் ஜாக்கி ஆலையிலிருக்கும் தொழிற்சாலை ஆல்கஹாலைக் குடிக்கிறார். வாயில் குமிழி பறக்க, வெறியேறி வெல்கிறார். ஹாங்காங் பதிப்பில் அதன்பிறகு ஒரு சிறு காட்சி உண்டு. குடித்த சரக்கால் நாயகன் பார்வையிழந்து, புத்தி பேதலித்து நிற்பதை நகைச்சுவையாகக் காட்டுவார்கள். 2000இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது அதை நீக்கிவிட்டார்கள்.

நீக்கியதுதான் சரி. சிரிப்புச் சண்டையில் அடி எவ்வளவு பலமாகவும் விழலாம், ஆனால் அடுத்த காட்சிக்குள் ஆறிவிடவேண்டும். போன பார்வை அப்படித் திரும்பாது. தொழிற்சாலைச் சரக்கில் மெத்தனால் இருந்தால், கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக்கும். அது பார்வை நரம்பைச் சிதைக்கும். சம்சு என்னும் மலிவுச் சாராயம் எத்தனையோ குடும்பங்களைக் குலைத்த தோட்டங்களில் அந்தக் காட்சிக்கு யார் சிரிப்பார்கள்? 2018 செப்டம்பரில்கூட, மெத்தனால் கலந்த மது சிலாங்கூரில் பல உயிர்களைப் பறித்தது.

இந்த நஞ்சு உடனே காட்டிக்கொடுக்காது. குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் கண் மங்கும். தூங்கினால் தெளியும் என்று விடாமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், மாற்று மருந்து கொடுத்து உயிரையும் பார்வையையும் காப்பாற்ற வழி உண்டு.