முட்டை வருமானம் பெருக சேவலைத் தெரிவு செய்வது எப்படி?

கோழி வளர்ப்பில் ஈடுபடும் பலர், பேட்டுக்கோழி வாங்கும்போது அது எத்தனை முட்டை இடும் என்று துருவித் துருவிக் கேட்கின்றனர். சேவல் வாங்கும்போதோ கொண்டையின் சிவப்பையும் இறகின் பளபளப்பையும் பார்த்தே விலை பேசி முடித்துவிடுகின்றனர். சொந்தமாகக் குஞ்சு பொரிக்க வைத்துப் பண்ணையைப் பெருக்க நினைப்பவர்களுக்கு நட்டம் தொடங்குவது இங்கேதான்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 10 பேடுகளுடன் ஒரு சேவலை விடுகிறீர்கள். அவற்றின் முட்டைகளிலிருந்து 100 பேட்டுக் குஞ்சுகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு பேடும் சுமார் 10 குஞ்சுகளுக்கே தாய். சேவலோ 100க்கும் தகப்பன். அதன் பரம்பரைக் குறையால் ஒவ்வொரு மகளும் வருடத்துக்கு 20 முட்டை குறைவாக இட்டால் 2,000 முட்டைகள் இல்லாமற்போகும். தீனிச் செலவு மட்டும் அந்த அளவுக்குக் குறையாது.

சேவல் முட்டையிடாது. எனவே அதன் தரத்தை உறவுகளைக் கொண்டே அறிய வேண்டும். முதலில் தாயினதும் சகோதரிகளினதும் முட்டைக் கணக்கைக் கேளுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. அமெரிக்காவின் மெய்ன் மாநில விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1898இல் தொடங்கி ஏறத்தாழ 10 வருடங்கள், அதிகம் முட்டையிட்ட கோழிகளையும் அத்தகைய கோழிகளின் மகன்களையும் கொண்டு இனவிருத்தி செய்தும் சராசரி உயரவில்லை. பின்னர் ரேமண்ட் பேர்ல் என்ற உயிரியலாளர், மகள்கள் இட்ட முட்டைகளைப் பார்த்துப் பெற்றோரைத் தெரிவு செய்தபோதே பலன் கிடைத்தது.

இதனைச் சிறு பண்ணையிலும் செய்யலாம். இரண்டு, மூன்று சேவல்களைத் தனித்தனிக் கூடுகளில் பேடுகளுடன் விடுங்கள். குஞ்சுகளுக்குத் தகப்பன்வாரியாக வெவ்வேறு நிறக் கால்வளையம் இடுங்கள். மகள்கள் வளர்ந்ததும் பிரித்து வைத்து, ஒரே தீனி கொடுத்து, கூடுவாரியாக முட்டைகளை எண்ணி வாருங்கள். சிறந்த மகள்களின் தகப்பனை வைத்துக்கொண்டு மற்றவற்றை இறைச்சிக்கு விற்றுவிடலாம்.

மூன்று விடயங்களில் கவனம் தேவை. பழைய சேவலை அகற்றிய பின்னரும் அதன் விந்து பேட்டின் உடலில் இரண்டு, மூன்று வாரங்கள் தங்கியிருக்கும். எனவே மூன்று வாரங்கள் கழிந்த பின்னரே புதிய சேவலின் குஞ்சுகளுக்காக முட்டை சேகரிக்க வேண்டும். சேவலை அதன் சொந்த மகள்களுடன் சேர விடக்கூடாது. வருடத்துக்கு 300 முட்டையளவில் இடும் கலப்பினக் கோழிகளின் சேவல்களை நம்பி இனவிருத்தியில் இறங்கவும் வேண்டாம். தாயின் திறமை அடுத்த தலைமுறையில் அப்படியே வருவதில்லை.

கடைக்குக் கணக்குக் கொப்பி எழுதுபவர் கோழிக்கூட்டுக்கும் ஒன்று வைத்துக்கொண்டால், அடுத்த சேவலை அழகு பார்த்து வாங்க வேண்டியிராது.