தன் இசைத்தட்டே தனக்கு வாத்தியார்

அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் 1944-இல் பிறந்த பேட் மார்டினோ, 12 வயதில் கிட்டாரைக் கையில் எடுத்தார். 15 வயதிலேயே மேடைதான் பிழைப்பு. 1967-இல் 'எல் ஹோம்ப்ரே' என்ற அவருடைய முதல் ஆல்பம் வந்தது.

1980-இல் மூளை ரத்தநாளக் கோளாறுக்காக அவசர அறுவை சிகிச்சை. கண் விழித்தவருக்குப் பெற்றோரையே அடையாளம் தெரியவில்லை. கிட்டாரும் மறந்துபோயிருந்தது!

மகனின் பழைய இசைத்தட்டுகளை அப்பா வீட்டில் ஓடவிட்டுக்கொண்டே இருந்தார். முதலில் அது மார்டினோவுக்கு வேதனையாகத்தான் இருந்தது. பிறகு அந்தத் தட்டுகளையே குருவாக வைத்துக்கொண்டு, விரல் விரலாகத் திரும்பக் கற்றார். 1987-இல் நியூயார்க்கில் ரசிகர்கள் முன்னால் வாசித்துப் பதிவான ஆல்பத்துக்குப் பெயர், பொருத்தமாக, 'தி ரிட்டர்ன்'.

2021-இல் மறைந்த மார்டினோ, ஆசிரியராகவும் பெயர் பெற்றவர். கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளைக் கண்டுபிடிக்க அவர் சொல்லிக்கொடுத்த வழி எளிது. மூன்று சுரங்கள் சம இடைவெளியில் நிற்கும் 'ஆக்மென்டட்' கார்டைப் பிடிக்க வேண்டும். ஏதாவது ஒரு சுரத்தை மட்டும் ஒரு ஃப்ரெட் (அரைச் சுரம்) இறக்கினால் மேஜர் கார்டு, ஏற்றினால் மைனர். ஆக, ஒரே பிடியில் ஆறு கார்டுகள்.