தகரக் கூரையின் கீழ் பத்து வருஷம்

தண்டவாளமே இல்லாத தீவில் ரயில் டிக்கெட் பதிவு செய்து கொடுப்பது என் வேலை. கவுண்டருக்கு வருகிறவர்கள் கப்பல் எப்போது, சென்னையில் மழையா என்று ஆரம்பித்து வீட்டுக் கதை வரை சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். அப்படிச் சென்ற மாதம் வந்தவர் தூத்துக்குடி அண்ணாச்சி. டீசல் எஞ்சின் மெக்கானிக். மேட்டுப்பாளையத்துக்கு நாலு டிக்கெட் கேட்டார். டிக்கெட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டில் இருந்தது.

2012-ல் பாய்மரப் படகில் வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவருக்கு அண்ணாச்சி எஞ்சின் பழுது பார்த்துக் கொடுத்தார். கூலிக்கு மேல் அவர் ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் கொடுத்து, "பத்து வருஷம் வையுங்கள், இன்னும் நன்றாக இருக்கும்" என்றாராம். 2022-ல் அண்ணாச்சிக்குக் கல்யாண வெள்ளி விழா. அதுவரை பாட்டில் பீரோ மேல் நின்றது. சர்ச்சிலிருந்து வந்த உறவினர் எதிரில் திறந்தால், வேகவைத்த உலர் திராட்சையும் காடியும் கலந்த வாடை! ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மானம் போச்சு தம்பி. அந்த வெள்ளக்காரன் ஏமாத்திட்டான்னே நினைச்சேன்" என்றார்.

பிரெஞ்சுக்காரர் ஏமாற்றவில்லை. அவர் சொன்னது அவருடைய ஊர்க் கணக்கு.

அந்தப் பாட்டில் பர்கண்டி பிரதேசத்தது. அங்கே பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை பயிராகிறது. குளிர்ப் பிரதேசத்தில் பழம் மெதுவாகப் பழுக்கும். இனிப்பு அதிகம் ஏறாது, புளிப்பு குறையாது. ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரைச் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங் வெள்ளைத் திராட்சையும் அப்படித்தான். புளிப்புதான் ஒயினுக்கு உப்புப் போட்ட ஊறுகாய் மாதிரி காவல். சிவப்பு ஒயினுக்குத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் துவர்ப்பும் துணை. நாவற்பழம் தின்றால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. வருஷங்கள் போகப் போக அது மெத்தென்று ஆகும். நிறம் ஊதாவிலிருந்து செங்கல் நிறத்துக்கு இறங்கும். வெள்ளை ஒயின் எதிர்மாறாக, வயதாக ஆகக் கறுக்கும்.

இதற்குக் குளிர்ச்சி வேண்டும். 12, 13 டிகிரி, இருட்டு, ஆட்டமில்லாத இடம். கார்க் காயாமலிருக்கப் பாட்டிலைப் படுக்க வைப்பது வழக்கம். போர்ட் பிளேரில் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) வருஷம் முழுவதும் 23-லிருந்து 31 டிகிரி. தகரக் கூரையடியில், பீரோ உச்சியில் பகல் சூட்டைக் கேட்கவே வேண்டாம். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், குளிர்ந்ததும் காற்றை உள்ளிழுக்கும். காற்றுப் பட்டால் காடிதான்.

நாம் கள்ளுக்குப் பழகிய ஜனங்கள். நிக்கோபார் தீவுகளில் தென்னங்கள் காலையில் இனிக்கும், மாலையில் உறைக்கும், மறுநாள் புளித்துப் போகும். வைத்திருந்து ருசிப்பது என்பது நமக்குப் பழக்கமில்லாத சங்கதி. ஐரோப்பாவிலும் கடையில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருஷத்தில் குடிப்பதற்கானது. பத்து வருஷம் தாங்குவது கொஞ்சமே.

ருசி பார்ப்பதைப் பற்றியும் அண்ணாச்சி கேட்டார். குன்னூர்த் தேயிலை ஏலக்காரர்கள் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சித் துப்புவார்களே, அதே வித்தைதான். முதலில் நிறம், பிறகு வாசனை, பிறகு ஒரு வாய், நாக்கெல்லாம் புரட்டி. சிவப்பு ஒயினை "அறைச் சூட்டில்" பருகு என்று சொல்வதை நம்மவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. அது கல் கட்டிடங்களின் 16, 18 டிகிரி அறை. நம் அறையில் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகுதான் அந்த நிலைக்கு வரும். வெள்ளைக்கு இன்னும் குளிர்ச்சி, 8-லிருந்து 12 வரை.

குடிக்கச் சிபாரிசு செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாரக் கூலியைக் கடையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு போகிற நம்மவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அண்ணாச்சி அந்த ரகமில்லை. வருஷத்துக்கு இரண்டு கோப்பை தாண்டாதவர். அவருக்கு வருத்தம் குடி போனதில் அல்ல, பத்து வருஷம் காத்தது வீணானதில்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அண்ணாச்சியின் தம்பி குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. சுமார் 1,850 மீட்டர் உயரம். வெயில் காலத்திலும் கல் வீட்டுக்குள் சிலுசிலுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் தம்பி அங்கேயே ஒரு பாட்டில் வாங்கி, கட்டிலடியில் மரப் பெட்டியில் படுக்கப் போட்டு, மேலே கோணிச் சாக்கு மூடியிருக்கிறார். கல்யாணமும் அங்கேதான்.

"இங்க கொண்டுவரச் சொல்லலியா அண்ணாச்சி?" என்றேன்.

"மூணு நாள் கப்பல்ல அது வேகணுமா? நாங்கதான் அங்க போறோம்" என்று நாலு டிக்கெட்டையும் எண்ணிப் பையில் வைத்துக்கொண்டார்.